ரைசன் 5 5600 வாங்கலாமா, ஐ5-12400எஃப் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறவுக்காரர்களுக்கும் நண்பர்களுக்கும் கம்ப்யூட்டர் அசெம்பிள் செய்து கொடுப்பது எனக்குப் பல வருடப் பழக்கம். 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான மைக்ரோசாஃப்டின் ஆதரவு முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு பழைய சிஸ்டத்தை மாற்ற நினைப்பவர்கள் நிறையப் பேர் கூப்பிடுகிறார்கள். நடுத்தர பட்ஜெட் என்றால் பேச்சு சுற்றிச் சுற்றி இந்த இரண்டு ப்ராசசர்களில்தான் வந்து நிற்கிறது. ஒரே சந்தேகத்தைப் பத்துப் பேர் கேட்டதால், அவரவர் கேட்ட வார்த்தையிலேயே கேள்விகளைத் தொகுத்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

அண்ணா, முதல்ல இந்த ரெண்டும் என்னன்னு சொல்லுங்க.

ரைசன் 5 5600 ஏஎம்டி நிறுவனத்தின் ப்ராசசர். 2022 ஏப்ரலில் 199 டாலர் விலையில் வந்தது. ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட். மதர்போர்டில் இது உட்காரும் சாக்கெட் ஏஎம்4. கோர் ஐ5-12400எஃப் இன்டெலுடையது. அதே வருடம் ஜனவரியில் 167 டாலர் பட்டியல் விலையோடு வந்தது. இதிலும் ஆறு கோர், பன்னிரண்டு த்ரெட்தான். சாக்கெட் எல்ஜிஏ1700.

ஒன்றின் போர்டில் மற்றதை மாட்ட முடியாது. கேட்பதற்குச் சின்ன விஷயமாகத் தெரியும். ஆனால் கீழே வரும் பாதிப் பதில்கள் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் வருகின்றன.

கோர், த்ரெட்னு சொல்றாங்களே, ரெண்டுக்கும் என்ன சார் வித்தியாசம்?

கோர் என்பது வேலை செய்யும் ஆள். ஆறு கோர் என்றால் ஆறு ஆட்கள். பரோட்டா மாஸ்டரைக் கவனித்திருப்பீர்கள்: கல்லில் ஒரு ஈடு வேகும் நேரத்தில் சும்மா நிற்காமல் அடுத்த உருண்டையை வீசிக்கொண்டிருப்பார். ஆள் ஒருவர்தான், கையில் இருக்கும் வேலை இரண்டு. த்ரெட் என்பது அதுதான். அதனால் பன்னிரண்டு த்ரெட் என்றால் பன்னிரண்டு கோரின் வேகம் கிடைக்காது. ஒரு கோர் காத்திருக்கும் இடைவெளி வீணாகாமல் இருக்கும், அவ்வளவுதான்.

ரெண்டுலயும் 4.4 கிகாஹெர்ட்ஸ்னு போட்டிருக்கு. அப்போ வேகம் ஒண்ணுதானே?

இல்லை. 4.4 என்பது ஓரிரு கோர்கள் மட்டும் ஓடும்போது தொடும் உச்சம். ஆறு கோரும் சேர்ந்து ஓடினால் 12400எஃப் 4.0-க்கு இறங்கிவிடும். 5600 அதைவிடக் கொஞ்சம் மேலேயே நிற்கும். அப்படிப் பார்த்தால் ஏஎம்டிதான் முந்த வேண்டும். ஆனால் அளந்து பார்த்தால் இன்டெல் முந்துகிறது.

காரணம், கிகாஹெர்ட்ஸ் என்பது நொடிக்கு எத்தனை துடிப்பு என்ற கணக்கு மட்டும்தான். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது ஒவ்வொரு வடிவமைப்பிலும் வேறு. 12400எஃப்-இல் இருக்கும் கோர், 5600-இன் ஜென் 3 கோருக்கு ஒரு வருடம் பிந்தி வந்தது. ஒரு துடிப்பில் கூடுதலாக வேலை முடிக்கிறது. சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் ஒற்றைக் கோருக்கு 12400எஃப் சுமார் 1,700 புள்ளி எடுக்கும், 5600 சுமார் 1,500 எடுக்கும். எல்லா கோரும் ஓடினால் முன்னது 12,000-ஐ ஒட்டியும் பின்னது 11,000-ஐ ஒட்டியும் நிற்கும். ஆக, பத்து சதவீதம், அதற்குக் கொஞ்சம் மேலே. பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். தனியாக உட்கார்ந்து வேலை செய்பவருக்குத் தெரியாது.

கேஷ் 32 எம்பி எங்க, 18 எம்பி எங்க! இதுல ஏஎம்டிதானே பெரிசு?

கேஷ் என்பது ப்ராசசரின் உள்ளேயே இருக்கும் சின்ன, வேகமான நினைவகம். மூன்றாம் நிலை கேஷ் 5600-க்கு 32, 12400எஃப்-க்கு 18 என்பது சரிதான். ஆனால் இரண்டாம் நிலை கேஷில் கதை மாறுகிறது. அங்கே இன்டெலுக்கு 7.5 எம்பி, ஏஎம்டிக்கு 3 எம்பி. இருவரும் வேறு வேறு இடத்தில் முதலீடு செய்திருக்கிறார்கள். பெரிய மூன்றாம் நிலை கேஷ் கேமுக்கு நல்லது. சில கேம்களில் 5600 பின்தங்காமல் சமமாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பெட்டியில் இருக்கும் ஏதோ ஒரு எண்ணை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். கிகாஹெர்ட்ஸுக்கு முந்தைய பதிலில் சொன்னது கேஷுக்கும் பொருந்தும்.

கேம் ஆடத்தான் வாங்குறேன் மாமா. எது நல்லா ஓடும்?

உன்னிடம் இருக்கும் கிராபிக்ஸ் கார்டைச் சொல், பிறகு பேசலாம். ஆர்எக்ஸ் 6600, ஆர்டிஎக்ஸ் 3050, ஆர்டிஎக்ஸ் 4060 போன்ற கார்டு போட்டு 1080பி-யில் கிராபிக்ஸை உயர்வாக வைத்து ஆடினால், இரண்டு ப்ராசசரும் கார்டுக்காகக் காத்திருக்கும். அப்போது இரண்டிலும் கிடைக்கும் ஃப்ரேம் ஏறத்தாழ ஒன்றுதான்.

வித்தியாசம் தெரிய வேண்டுமானால் இரண்டு சூழ்நிலை வேண்டும். ஒன்று, மிகப் பெரிய கார்டு. இன்னொன்று, வேலொரன்ட், கவுன்டர் ஸ்ட்ரைக் மாதிரி இலகுவான கேமை 240 ஹெர்ட்ஸ் மானிட்டரில் எல்லா செட்டிங்கையும் குறைத்து ஆடுவது. அங்கேயும் ஒரு கேமில் இது முந்தும், இன்னொன்றில் அது முந்தும். கேமுக்காக இந்த இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கக் கவலைப்படும் நேரத்தை, ஒரு படி மேலான கார்டுக்குப் பணம் சேர்க்கச் செலவிடலாம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுல டேலி, எக்செல், பையனுக்கு ஆன்லைன் கிளாஸ். அவ்வளவுதான். இதுக்கு எது சார்?

இரண்டுமே வேண்டாம். இரண்டிலும் உள்ளே கிராபிக்ஸ் இல்லை, அதனால் தனியாகக் கார்டு வாங்க வேண்டும். டேலிக்கு அந்தச் செலவு தேவையே இல்லை. பின்னால் எஃப் இல்லாத ஐ5-12400 அல்லது ஐ3-12100 பாருங்கள். ஏஎம்டி பக்கம் ரைசன் 5 5600ஜி. மிச்சமாகும் பணத்தில் நல்ல எஸ்எஸ்டி ஒன்றும் ஒரு யுபிஎஸ்ஸும் வாங்குங்கள்.

சிஸ்டம் ஆன் ஆகுது, ஃபேன் சுத்துது, மானிட்டர்ல ஒண்ணுமே வரல. ப்ராசசர் போச்சா?

பெரும்பாலும் போகவில்லை. மானிட்டர் கேபிளை எங்கே செருகியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். மதர்போர்டின் பின்பக்கம் எச்டிஎம்ஐ ஓட்டை இருக்கும், அதில் செருகியிருந்தால் படம் வராது. மேலே சொன்னதுபோல 5600-இலும் 12400எஃப்-இலும் கிராபிக்ஸ் கிடையாது. போர்டு எல்லா ப்ராசசருக்கும் பொதுவாகச் செய்யப்பட்டதால் அந்த ஓட்டை மட்டும் இருக்கிறது. கீழே படுக்கைவாக்கில் இருக்கும் கிராபிக்ஸ் கார்டின் ஓட்டைக்கு மாற்றுங்கள். இந்த ஒரு கேள்விக்காக ராத்திரி பதினோரு மணிக்கு வந்த போன்கள் நிறைய.

கல்யாண வீடியோ எடிட் பண்றேன். எது சரியா இருக்கும்?

இங்கே என் பதில் உறுதியானது: எஃப் இல்லாத ஐ5-12400. அதில் யுஎச்டி 730 என்ற கிராபிக்ஸ் உள்ளேயே இருக்கிறது, கூடவே க்விக் சிங்க் என்ற, சுருக்கிய வீடியோவைப் பிரிக்கும் பகுதியும் இருக்கிறது. இப்போது நிறைய மிரர்லெஸ் கேமராக்கள் 10 பிட், 4:2:2 எச்இவிசி ஃபைல் தருகின்றன. அந்த வகை ஃபைலைப் பிரிக்கும் வசதி என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 30, 40 வரிசைக் கார்டுகளில்கூட இல்லை, க்விக் சிங்க்கில் இருக்கிறது. பிரீமியர் ப்ரோ அதை நேரடியாகப் பயன்படுத்திக்கொள்ளும். டைம்லைனைத் தள்ளும்போது படம் திக்கித் திக்கி வருமா, தண்ணீர் மாதிரி ஓடுமா என்பது இதில்தான் இருக்கிறது.

12400-க்கும் 12400எஃப்-க்கும் பட்டியல் விலையில் 25 டாலர்தான் வித்தியாசம். எடிட்டிங் தொழில் செய்பவர் அந்தப் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாது. தனியாகக் கார்டு போட்டாலும் உள்ளே இருக்கும் கிராபிக்ஸை பயாஸில் (போர்டின் அடிப்படை மென்பொருள்) அணைக்காமல் விட்டுவிடுங்கள், இரண்டும் சேர்ந்தே வேலை செய்யும்.

ஒண்ணு இன்னொண்ணைவிட 1,500 ரூபா கம்மியா இருக்கு. அதையே வாங்கிடவா?

ப்ராசசர் விலையை மட்டும் பார்த்து முடிவு செய்யாதீர்கள். ஒரு தாளை எடுத்து ப்ராசசர், போர்டு, ரேம் மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினாலும் ஆன்லைனில் வாங்கினாலும் விலை வாராவாரம் மாறும், அதனால் வாங்கும் அன்றைக்கே எழுதுங்கள். ப்ராசசரில் மிச்சமான 1,500 ரூபாய் போர்டில் 2,000 ரூபாயாகக் கூடிப் போவதை நான் அடிக்கடி பார்க்கிறேன்.

ஆரம்பத்தில் 12400எஃப்-தான் மலிவு. பிறகு 5600-இன் விலை நன்றாக இறங்கியது. ஏஎம்4 போர்டுகளும் பல வருடமாகச் சந்தையில் இருப்பதால் மலிவாகிவிட்டன. இன்டெல் பக்கம் மலிவான போர்டு என்றால் எச்610 மட்டும்தான். அதில் என்ன குறை என்று அடுத்த பதிலில் சொல்கிறேன். மொத்தத்தில் பத்து சதவீதத்துக்குள் வித்தியாசம் வந்தால் வேகமாக இருக்கும் 12400எஃப்-ஐ எடுங்கள். அதற்கு மேல் போனால் 5600-ஐ எடுத்து, மிச்சத்தைக் கார்டில் போடுங்கள்.

போர்டுன்னா போர்டுதானே, மலிவா ஒண்ணு போட்டா என்ன?

போடலாம், ஆனால் எதை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து போடுங்கள். எச்610 போர்டில் ரேமுக்கு இரண்டு ஸ்லாட்தான். டிடிஆர்4 ரேமின் வேகத்தை 3200-க்கு மேல் ஏற்ற முடியாது. எஸ்எஸ்டி மாட்ட, ப்ராசசரோடு நேரடியாகப் பேசும் எம்.2 ஸ்லாட்டும் கிடையாது. பி660 போர்டில் இவை எல்லாம் உண்டு. ஏஎம்டி பக்கம் ஏ520-இல், கார்டு ப்ராசசரோடு பேசும் பாதையான பிசிஐஇ பழைய 3.0-தான், ப்ராசசரை ஓவர்கிளாக் செய்யவும் (நிர்ணயித்த வேகத்துக்கு மேல் ஓட்டவும்) முடியாது. பி550-இல் பிசிஐஇ 4.0, ஓவர்கிளாக் இரண்டும் உண்டு. எச்610-ஐ பி550-உடன் ஒப்பிட்டு "இன்டெல் மலிவு" என்று சொல்வது சரியில்லை. எச்610-ஐ ஏ520-உடனும், பி660-ஐ பி550-உடனும் வைத்துப் பாருங்கள்.

எனக்கே ஒரு முறை அனுபவம். பி660 என்று பேசி முன்பணம் கொடுத்த போர்டு, பெட்டியைத் திறந்தபோது எச்610 ஆக இருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்றார் கடைக்காரர். பில்லில் மாடல் பெயரை முழுதாக எழுதச் சொல்லியிருந்ததால் மாற்றிக் கொடுத்தார். நீங்களும் அப்படியே எழுதச் சொல்லி வாங்குங்கள்.

12400எஃப்-க்கு டிடிஆர்5 போடலாமாமே. அப்போ அதுதானே புதுசு?

போடலாம். ரேமின் பழைய வகையான டிடிஆர்4, புது வகையான டிடிஆர்5 இரண்டையும் 12400எஃப் ஏற்கும். ஆனால் போர்டு ஏதாவது ஒன்றைத்தான் ஏற்கும், வாங்கிய பிறகு மாற்ற முடியாது. 5600-க்கு டிடிஆர்4 மட்டும்தான். இந்த வேகத்தில் இருக்கும் ப்ராசசருக்கு டிடிஆர்5 தரும் கூடுதல் வேகம், அதற்குக் கொடுக்கும் பணத்துக்கு ஈடாகாது என்பது என் கருத்து. 2025 இறுதியில் ரேம் விலை கடுமையாக ஏறிய பிறகு இன்னும் உறுதியாகச் சொல்கிறேன். பழைய கம்ப்யூட்டரில் டிடிஆர்4 ரேம் இருந்தால் அதைக் கழற்றி வைத்துக்கொள்ளுங்கள், இரண்டுக்கும் பொருந்தும்.

புது கம்ப்யூட்டர்தான் மாமா, ஆனா கேம்ல விட்டு விட்டு இழுக்குது. ப்ராசசர் தப்பா வாங்கிட்டேனா?

என் அக்கா மகன் இப்படித்தான் கூப்பிட்டான். 5600 போட்ட சிஸ்டம், ஒரு மாதம்கூட ஆகவில்லை. நேரில் போய் டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பக்கத்தில் மெமரியைத் தட்டினேன். வேகம் 2400 என்று இருந்தது, அதற்குக் கீழே நான்கில் ஒரு ஸ்லாட். 16 ஜிபி ஒரே துண்டாகப் போட்டிருந்தார்கள். ரேம் மேல் ஒட்டியிருந்த ஸ்டிக்கரில் 3200 என்று இருந்தது.

இரண்டு தவறு. ஒரே துண்டு போட்டால் ரேமுக்கும் ப்ராசசருக்கும் நடுவே ஒரு பாதைதான் திறக்கும். 8 ஜிபி இரண்டு துண்டாகப் போட்டால் இரண்டு பாதை. அப்புறம், பயாஸில் எக்ஸ்எம்பி என்ற செட்டிங்கை ஆன் செய்யாவிட்டால் 3200 ரேம் குறைந்த வேகத்தில்தான் ஓடும். ரைசனில் இது கூடுதலாக உறைக்கும், ஏனென்றால் ப்ராசசரின் உள்ளே சில்லுகளை இணைக்கும் பாதையின் வேகமும் ரேம் வேகத்தோடு கட்டுண்டு ஓடுகிறது. 5600-க்கு 3200 போதும், 3600 கிடைத்தால் இன்னும் நல்லது. 12400எஃப்-க்கு 3200-ஓடு நிறுத்திக்கொள்ளலாம். இன்னொரு துண்டு வாங்கிப் போட்டு எக்ஸ்எம்பி ஆன் செய்தோம். அன்று சாயங்காலமே அவன் புகார் நின்றது. இந்தத் தவறால் இழக்கும் வேகம், இரண்டு ப்ராசசருக்கும் நடுவே இருக்கும் வித்தியாசத்தைவிடப் பெரியது.

என்கிட்ட ஏற்கெனவே பி450 போர்டும் பழைய ரைசன் 3-ம் இருக்கு. எது வாங்கட்டும் அண்ணே?

5600. யோசிக்கவே வேண்டாம். பி450-யும் ஏஎம்4 போர்டுதான். போர்டும் ரேமும் கையில் இருக்கின்றன, ப்ராசசர் மட்டும்தான் செலவு. இன்டெலுக்குப் போனால் புதுப் போர்டுக்கும் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும்.

ஆனால் வரிசை முக்கியம். பழைய ப்ராசசர் போர்டில் இருக்கும்போதே பயாஸைப் புதுப்பியுங்கள். பி450 போர்டுகளுக்கு இந்தத் தலைமுறை ப்ராசசரை ஏற்கும் பயாஸ் பிறகுதான் வந்தது. போர்டு நிறுவனத்தின் பக்கத்தில் உங்கள் மாடலைத் தேடி, 5600 எந்தப் பதிப்பிலிருந்து ஓடும் என்று பார்த்துவிட்டு இறக்குங்கள். புதுப்பிக்கும்போது மின்சாரம் போகக் கூடாது, யுபிஎஸ்ஸில் வைத்துச் செய்யுங்கள்.

அடுத்து, கழற்றுவது. ஏஎம்4-இல் ஊசிகள் ப்ராசசரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1,331. வருடக்கணக்கில் காய்ந்த தெர்மல் பேஸ்ட் ஹீட் சிங்க்கையும் ப்ராசசரையும் பசைபோலப் பிடித்திருக்கும். நேராக மேலே இழுத்தால் சாக்கெட் பூட்டியிருக்கும்போதே ப்ராசசர் ஊசிகளோடு பிடுங்கிக்கொண்டு வரும். எனக்கு ஒரு தடவை அப்படி வந்து ஓரத்தில் நான்கு ஊசி சாய்ந்துவிட்டது. காலியான மெக்கானிக்கல் பென்சில் முனையை ஊசியில் கோத்து, ஒவ்வொன்றாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். இப்போதெல்லாம் பத்து நிமிடம் ஒரு கேமை ஓட்டிச் சூடாக்கிவிட்டு, அணைத்து, ஹீட் சிங்க்கை இடமும் வலமுமாக மெதுவாகத் திருகுகிறேன். பிடி விட்டதும் தானாக வந்துவிடும். இன்டெலின் எல்ஜிஏ1700-இல் ஊசி போர்டில் இருப்பதால் இந்தப் பயம் இல்லை. ஆனால் அங்கே வளைந்தால் போர்டே போனது மாதிரி.

கடைக்காரர் 5500-ம் 5600-ம் ஒண்ணுதான்னு சொல்றார். ஆமாவா?

இல்லை. 5500, 5600ஜி, 5600ஜிடி மூன்றும் வேறு சில்லில் செய்தவை. மூன்றாம் நிலை கேஷ் 16 எம்பி, பிசிஐஇ 3.0. கேஷ் பற்றி முன்பு சொன்னதை இங்கே சேர்த்துப் பாருங்கள், கேமில் வித்தியாசம் தெரியும். 5600எக்ஸ் என்பது 5600-இன் அண்ணன். உச்ச வேகம் 4.6, மற்றபடி ஏறத்தாழ ஒன்றுதான். அதற்குக் கூடுதலாகப் பெரிய தொகை கொடுக்க வேண்டாம். வாங்கிய பிறகு சிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைத் திறந்து, எல்3 கேஷ் 32 எம்பி காட்டுகிறதா என்று பாருங்கள்.

பழைய போர்டுல ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி போட்டேன். யூட்யூப்ல காட்டுற ஃப்ரேம் வரமாட்டேங்குது. ப்ராசசர் மாத்தணுமா?

இது கொஞ்சம் சிக்கலான விஷயம். பெரும்பாலான கார்டுகள் 16 அல்லது 8 வழித்தடங்களில் ப்ராசசரோடு பேசும். 6500 எக்ஸ்டிக்கு 4 வழித்தடம்தான். பிசிஐஇ 4.0-இல் அந்த நான்கு போதும். 3.0-இல் ஒவ்வொரு தடத்தின் வேகமும் பாதி, அதுவும் 4 ஜிபி நினைவகம் நிரம்பிவிட்டால் கார்டு மூச்சு திணறும். பி450, ஏ520 போர்டுகளில் 5600 போட்டாலும் 3.0-தான் கிடைக்கும். 5500 போட்டால் பி550-இலும் 3.0-தான்.

12400எஃப்-க்கு இந்தத் தொல்லை குறைவு, எச்610 போர்டிலேயே கார்டுக்கு 4.0 கிடைக்கும். ஆகவே புதிதாக வாங்குபவர் இந்த மாதிரி சின்னக் கார்டுதான் போடுவார் என்றால், மலிவான போர்டில் இன்டெல்தான் நல்லது. 8 வழித்தடம் உள்ள ஆர்எக்ஸ் 6600 போடுபவர் கவலைப்பட வேண்டாம், 3.0-இல் இழப்பு சொற்பம்.

நம்ம ஊர் வெயிலுக்கு எது சூடு கம்மி? கரண்ட் எது கம்மி?

இரண்டுக்கும் 65 வாட் என்று போட்டிருப்பார்கள். முழு வேகத்தில் 5600 அதிகபட்சம் 76 வாட் வரை எடுக்கும். 12400எஃப்-க்கு 117 வாட் வரை அனுமதி உண்டு, ஆனால் வழக்கமான வேலையில் அவ்வளவு போவதில்லை. முழு வேகத்தில் இரண்டும் ஏறத்தாழ ஒன்றே. சும்மா இருக்கும் நேரத்தில்தான் வேறுபாடு: 5600 இரண்டு சில்லுகளைச் சேர்த்துச் செய்தது, ஒன்றும் செய்யாமல் இருக்கும்போதும் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கும். 15 வாட் கூடுதல், ஒரு நாளைக்கு 8 மணி நேரம் என்று வைத்தால் மாதத்துக்கு 3.6 யூனிட்.

பெட்டியோடு வரும் ஹீட் சிங்க் இரண்டுக்கும் போதும். மே மாதம், ஏசி இல்லாத அறை, மணிக்கணக்கில் வீடியோ ஏற்றுமதி என்றால் மட்டும் தனியாக ஒரு கூலர் வாங்குங்கள். 5600-இன் வெப்ப வரம்பு 90 டிகிரி, 12400எஃப்-க்கு 100. அந்த வரம்பைத் தொட்டால் எரிந்துவிடாது, வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். கேபினெட் முன்பக்கம் காற்று போக வழி இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். முன்னால் முழுக் கண்ணாடி வைத்த கேபினெட்டுதான் பல வீடுகளில் உண்மையான பிரச்சினை.

ஓவர்கிளாக் பண்ண முடியுமா?

5600-இல் முடியும், 12400எஃப்-இல் வேகத்தை நிர்ணயிக்கும் பெருக்கெண் பூட்டப்பட்டிருக்கிறது. முடியும் என்பதற்காகச் செய்ய வேண்டியதில்லை. 5600-இல் நான் செய்வது மின்னழுத்தத்தைக் கொஞ்சம் குறைப்பது மட்டும்தான். வேகம் அப்படியே இருக்க, சூடு குறையும்.

விண்டோஸ் 11 ரெண்டுலயும் ஓடுமா?

ஓடும். விண்டோஸ் 11 கேட்கும் டிபிஎம் என்ற பாதுகாப்பு வசதி இரண்டிலும் உள்ளேயே இருக்கிறது. ஏஎம்டி போர்டுகளில் டிபிஎம் காரணமாக நடு நடுவே ஒரு நொடி திக்கும் கோளாறு இருந்தது உண்மை. 2022 மே முதல் வந்த பயாஸ்களில் அதைச் சரி செய்துவிட்டார்கள்.

நாலு வருஷம் கழிச்சு போர்டை மாத்தாம ப்ராசசர் மட்டும் மாத்தணும்னா?

தாளில் எழுதிப் பார்த்தால் இன்டெலுக்கு வழி அதிகம். எல்ஜிஏ1700-இல் 13, 14-ஆம் தலைமுறைகள் உட்காரும். ஐ5-14600கே, ஐ7-14700கே போன்றவற்றுக்குப் போகலாம். ஆனால் எச்610 போர்டின் மின்சுற்று அவற்றைத் தாங்காது. இன்னொரு விஷயம், அந்த இரண்டு தலைமுறைகளில் 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள பல ப்ராசசர்கள் கூடுதல் மின்னழுத்தத்தால் நாளடைவில் பழுதாயின. இன்டெல் 2024 ஆகஸ்டில் 0x129 என்ற திருத்தம் கொடுத்து, வாரண்டியை இரண்டு வருடம் நீட்டித்தது. ஏற்கெனவே பழுதான சில்லைத் திருத்தம் குணமாக்காது. ஆகவே அந்தத் தலைமுறையைச் செகண்ட் ஹேண்டில் வாங்குவதை நான் ஊக்குவிப்பதில்லை.

ஏஎம்4-இல் எட்டு கோர் 5700எக்ஸ், பன்னிரண்டு கோர் 5900எக்ஸ், பதினாறு கோர் 5950எக்ஸ் வரை போகலாம். கேமுக்கு 96 எம்பி கேஷ் உள்ள 5800எக்ஸ்3டி, 5700எக்ஸ்3டி இரண்டும் அருமையானவை. நியாயமான விலையில் கண்ணில் பட்டால் விடாதீர்கள்.

அப்போ 12400எஃப்-ம் கெட்டுப்போயிடுமா?

அந்தப் பிரச்சினை 12-ஆம் தலைமுறையில் இல்லை. நிம்மதியாக வாங்கலாம்.

டிரே பீஸ் ரெண்டாயிரம் கம்மின்னு சொல்றாங்க. வாங்கலாமா?

பெட்டியோடு வருவதற்கு ஏஎம்டியும் இன்டெலும் மூன்று வருட வாரண்டி தருகின்றன. டிரே என்பது கம்ப்யூட்டர் நிறுவனங்களுக்கு மொத்தமாக அனுப்பும் சரக்கு. அதற்கு நிறுவனத்தின் வாரண்டி உங்களுக்கு நேரடியாகக் கிடைக்காது, கடைக்காரர் வாய்மொழிதான். ஹீட் சிங்க்கும் வராது. அதை வாங்கும் செலவைச் சேர்த்தால் மிச்சம் எவ்வளவு என்று கணக்குப் போடுங்கள். அப்படியும் 5600-ஐ டிரேயில் வாங்கினால், கடையிலேயே டார்ச் அடித்து நான்கு பக்கமும் ஊசி வரிசையைச் சாய்வாகப் பாருங்கள். ஒரு ஊசி வரிசை தவறி நின்றாலும் தெரிந்துவிடும்.

ரெண்டுமே 2022-ல வந்தது. ஏஎம்5-க்குப் போயிடறதுதானே புத்திசாலித்தனம்?

ஏஎம்5 என்பது ஏஎம்4-க்கு அடுத்து வந்த ஏஎம்டி சாக்கெட். பட்ஜெட் இடம் கொடுத்தால் ஆமாம். அதில் உட்காரும் ரைசன் 5 7600 இரண்டையும் தெளிவாக முந்தும், சாக்கெட்டுக்கும் எதிர்காலம் உண்டு. ஆனால் அதற்கு டிடிஆர்5 மட்டும்தான், ரேம் விலை பற்றி மேலே சொன்னேன். போர்டு, ரேம், ப்ராசசர் மூன்றையும் கூட்டி, அந்த வித்தியாசத்தில் கிராபிக்ஸ் கார்டு ஒரு படி மேலே போகுமா என்று பாருங்கள். போகும் என்றால் கேம் ஆடுபவர் இங்கேயே நிற்கலாம். எடிட்டிங், கோடிங், பல வருடம் மாற்றமாட்டேன் என்பவர் ஏஎம்5-க்கே போகலாம்.

வாங்கிட்டேன் சார். இப்ப பார்த்தா இன்னொண்ணை வாங்கியிருக்கணுமோன்னு தோணுது.

உங்களுக்குப் பிடித்த கேமை ஓட்டி, எம்எஸ்ஐ ஆஃப்டர்பர்னர் என்ற மென்பொருளைத் திறந்து கிராபிக்ஸ் கார்டின் பயன்பாட்டைப் பாருங்கள். 95 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ப்ராசசர் தன் வேலையைச் சரியாகச் செய்கிறது, இன்னொன்றைப் போட்டாலும் ஒரு ஃப்ரேம்கூடக் கூடாது. 60, 70-இல் ஊசலாடினால் முதலில் கேமில் ஃப்ரேம் வரம்பு ஏதாவது வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து ரேம், என் அக்கா மகனுக்குச் செய்த அதே சோதனை. அதற்குப் பிறகும் குறைவாகவே இருந்தால் எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்புங்கள்: டாஸ்க் மேனேஜரின் மெமரி பக்கமும், சிபியு-இசட்டின் முதல் பக்கமும். இரண்டும் தெளிவாகத் தெரிய வேண்டும்.